பட்டாலியனுக்கு எத்தனை சிப்பாய்? 19ஆம் நூற்றாண்டுப் போர் விளையாட்டுக்கு விதியும் அலகும்

19ஆம் நூற்றாண்டுப் போர்களை மேசைமேல் நடத்திப் பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த விதிநூல் நல்லது?" என்பதுதான். அடுத்து, "ஒரு பட்டாலியனுக்கு எத்தனை சிப்பாய் வைக்கலாம்?" என்பார்கள் (பட்டாலியன் என்பது சில நூறு காலாள் கொண்ட படைப்பிரிவு). இரண்டுக்கும் முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. மேசைக்கு முன் நிற்கிற நீங்கள் யார்? நூறு பேரை நடத்தும் கேப்டனா, ஆறு பட்டாலியன்களைக் கையில் வைத்திருக்கும் ஜெனரலா, முப்பதாயிரம் பேர் கொண்ட ஒரு கோரின் (corps என்னும் பெரும்படைப் பிரிவின்) தலைவரா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மற்ற இரண்டு கேள்விகளும் பாதி தீர்ந்துவிடும். இதை விட்டுவிட்டு முதலில் பொம்மைகளை வாங்கி, வண்ணம் பூசி, அவை நிற்கும் அடித்தட்டில் ஒட்டிய பிறகு விதி தேடினால், ஒட்டியதைப் பெயர்த்து மறுபடி ஒட்டும் வேலைதான் மிஞ்சும்.

முகப்புதான் அளவுகோல்

ஓர் அலகில் (மேசையில் ஒன்றாக நகரும் படைப்பிரிவில்) எத்தனை உருவங்கள் இருக்கின்றன என்பது கண்ணுக்கான விஷயம். விளையாட்டைத் தீர்மானிப்பது அந்த அலகு மேசையில் எத்தனை மில்லிமீட்டர் அகலம் பிடிக்கிறது, அதாவது அதன் முகப்பு எவ்வளவு என்பது. அந்த அகலத்திலிருந்துதான் துப்பாக்கி எட்டும் தூரம், நடை தூரம், மேசைக்குள் எவ்வளவு போர்க்களம் அடங்கும் என்ற எல்லாக் கணக்கும் பிறக்கிறது.

கணக்கு இப்படிப் போகும். தோளோடு தோள் நிற்கும் காலாள் ஒருவர் ஏறத்தாழ 55 செ.மீ. இடம் பிடிக்கிறார். 600 பேர் கொண்ட பட்டாலியன் பிரிட்டிஷ் முறையில் இரண்டு வரிசையாக நின்றால் முன்வரிசையில் 300 பேர்; முகப்பு 165 மீட்டர். நெப்போலியன் காலத்துப் பிற படைகளைப் போல மூன்று வரிசையாக நின்றால் 110 மீட்டர்.

இப்போது 28 மி.மீ. உயர உருவங்களை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு 20 மி.மீ. அகலம். 24 பேரை இரண்டு வரிசையாக நிறுத்தினால் 240 மி.மீ. இதை 165 மீட்டர் என்று கொண்டால் மேசையில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் 0.69 மீட்டர். 180 செ.மீ. நீள மேசைக்குள் 1.24 கி.மீ. களம்தான் அடங்கும். 1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூவில் வெலிங்டன் படை நின்ற முகப்பு ஏறத்தாழ 4 கி.மீ. ஆக, இந்த அளவில் வாட்டர்லூவின் மூன்றில் ஒரு பங்கைத்தான் மேசையில் வைக்க முடியும். உகூமோன் பண்ணை வீட்டுச் சண்டை ஒரு நாள், லா எய் செந்த் பண்ணை இன்னொரு நாள் என்று பிரித்துக்கொள்ள வேண்டியதுதான். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் முழு வாட்டர்லூவும் வேண்டும் என்று நினைத்து 28 மி.மீ. உருவங்களை 24, 24ஆகச் சேர்க்கத் தொடங்கியவருக்கு இது பெரிய ஏமாற்றமாகிவிடும்.

அகலத்தில் கணக்கு ஒத்து வந்தாலும் ஆழத்தில் ஒருபோதும் ஒத்து வராது. இரண்டு வரிசை உருவங்கள் 40 மி.மீ. ஆழம் பிடிக்கின்றன, மேலே சொன்ன அளவில் அது 28 மீட்டர். நிஜ வரிசையின் ஆழம் இரண்டு மூன்று மீட்டர்தான். எனவே ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வரிசை நிறுத்தும்போது மேசை சீக்கிரம் நெரிசலாகிவிடும். எல்லா அளவையும் முன் விளிம்பிலிருந்தே எடுப்பது என்று தொடக்கத்திலேயே பேசி வைத்துக்கொண்டால் இந்தக் கோளாறு பாதியாகக் குறையும்.

கம்பெனி மட்டம்: நாற்பது ஐம்பது பேர் போதும்

இந்த மட்டத்தில் ஓர் உருவம் ஒரே ஓர் ஆள். தனித்தனித் தட்டில்தான் ஒட்ட வேண்டும். 20 அல்லது 25 மி.மீ. வட்டத் தட்டு, அதைச் செருக ஓட்டை போட்ட நகர்த்து பலகை.

ஷார்ப் பிராக்டிஸ் விதிகளில் வரிசைக் காலாட்படைக்கு 8 பேர், சிதறி நின்று சுடுபவர்களுக்கு 6 பேர் கொண்ட குழுக்கள். நாற்பதிலிருந்து அறுபது உருவங்களில் ஒரு தரப்பு தயார். யார் எப்போது நகர்வது என்பதைப் பையிலிருந்து எடுக்கும் வில்லையோ சீட்டோ தீர்மானிக்கிறது. அதிகாரிகளுக்குத் தனித்தனித் தரம் உண்டு. அவர்கள் இல்லாத குழு தடுமாறும். புகையும் கூச்சலும் நிறைந்த களத்தில் கட்டளை எப்படிச் சிதையும் என்பதை உணரவைப்பதில் இதற்கு ஈடு குறைவு. ஆனால் ஆட்டக்காரர் மூன்று நான்கு பேராகிவிட்டால் வில்லை வரும்வரை காத்திருக்கும் நேரம் நீளும். இருவருக்கு அருமையான விளையாட்டு. ஆறு பேருக்கு அல்ல.

ரெபெல்ஸ் அண்ட் பேட்ரியட்ஸ் வட அமெரிக்கப் போர்களுக்கானது. அமெரிக்க உள்நாட்டுப் போர் அதன் எல்லைக்குள் வருகிறது. வழக்கமான அலகு 12 பேர். இரண்டு பகடை உருட்டி 6 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அலகு செயல்படும். மாற்றங்கள் எதுவும் இல்லாதபோது நூற்றுக்கு 72 முறை அது நடக்கும். தி மென் ஹூ வுட் பி கிங்ஸ் காலனியப் போர்களுக்கானது. அதில் முறைப்படைக்கு 12 பேர், பழங்குடிப் படைக்கு 16 பேர், குதிரைப்படைக்கு 8 பேர். அலகுகளின் விலைப்புள்ளிகளைக் கூட்டினால் 24 புள்ளியில் ஒரு படை. இரண்டையும் அரைநாளில் கற்றுக்கொண்டு ஆடிவிடலாம். புதிதாக வருகிறவருக்கு இந்த வாசல்தான் நல்லது. 12 பேர் அலகு எதிலும் வீணாகாது. இரண்டு அலகுகளைச் சேர்த்தால் பிற்பாடு 24 பேர் பட்டாலியன் கிடைத்துவிடும்.

இந்த மட்டத்தில் வழக்கமாக நேரும் தவறு, அதன் தோளுக்கு மீறிய சுமையை ஏற்றுவது. 1879 ஜூலை 4 அன்று சூலுக்களுக்கு எதிரான உலுண்டிப் போரில் பிரிட்டிஷார் அமைத்த சதுரத்தில் (நான்கு பக்கமும் வெளிநோக்கி நிற்கும் அணியில்) ஏறத்தாழ 5,000 பேர் நின்றார்கள். 12 பேர் அலகுகள் ஆறை வைத்து அதைக் காட்ட முயன்றால் சதுரமும் தெரியாது, சண்டையும் தெரியாது. காவல்சாவடித் தாக்குதல், வண்டித்தொடர் காப்பு, ஆற்றுத்துறைக் கைகலப்பு போன்றவைதான் இதற்கு உரிய காட்சிகள்.

பட்டாலியன் மட்டம்: 16, 24, 36

பெரும்பாலானோர் வந்து நிற்கும் இடம் இதுதான். தவறான அளவால் அதிகம் சிரமப்படுவதும் இங்கேதான்.

தட்டு எண்ணிக்கையை முதலில் முடிவு செய்யுங்கள்; உருவ எண்ணிக்கை அதைப் பின்தொடரட்டும். 1808 பிப்ரவரி ஆணைப்படி பிரெஞ்சுப் பட்டாலியனுக்கு ஆறு கம்பெனி, கம்பெனிக்கு 140 பேர், மொத்தம் 840. மூன்று வரிசையில் 280 பேர் முகப்பு, 154 மீட்டர். இரண்டு கம்பெனி முகப்புள்ள தாக்குதல் பத்தியாக (column என்னும் ஆழமான அணியாக) மாறினால் 51 மீட்டர். வரிசையில் சரியாக மூன்றில் ஒரு பங்கு. கம்பெனிக்கு ஒரு தட்டு என ஆறு தட்டு வைத்தால், வரிசையில் ஆறு தட்டு அகலம், பத்தியில் இரண்டு தட்டு அகலம் மூன்று தட்டு ஆழம். வரலாறும் மேசையும் தாமாகவே ஒன்றிப்போகின்றன. சதுரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு, பக்கத்துக்கு ஒன்று.

நான்கு தட்டும் நன்றாக நடக்கும்: வரிசையில் நான்கு, பத்தியில் இரண்டுக்கு இரண்டு, சதுரத்தில் பக்கத்துக்கு ஒன்று. ஆஸ்திரியாவோடும் பிரான்ஸோடும் போரிட்ட 1866, 1870 காலப் பிரஷ்யப் படைக்கு நான்குதான் பொருத்தம். அவர்கள் பட்டாலியனில் நான்கு கம்பெனி, ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 250 பேர். கம்பெனிகள் தனித்தனிப் பத்தியாகப் பிரிந்து முன்னேறுவதே அவர்கள் போர்முறை. தட்டைப் பிரித்து வைத்தாலே அது தெரியும். மூன்று தட்டு வேண்டாம். சதுரம் அமைக்க முடியாது. ஐந்து தட்டு அமெரிக்க உள்நாட்டுப் போருக்குச் சரி, அங்கே சதுரம் அரிது.

28 மி.மீ. உருவங்களில் மூன்று அளவுகளையும் ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 16 பேர் என்றால் நான்கு பேர் தட்டு நான்கு, வரிசை அகலம் 160 மி.மீ. 24 பேர் என்றால் ஆறு தட்டு, 240 மி.மீ. 36 பேர் என்றால் ஆறு பேர் தட்டு ஆறு, 360 மி.மீ. 180 செ.மீ. மேசையில் பக்கங்களில் வளைந்து தாக்க மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்க வேண்டும். மிச்சம் 120 செ.மீ. இடைவெளி 4 செ.மீ. விட்டு ஒரு வரிசையில் 16 பேர் பட்டாலியன் ஆறு நிற்கும், 24 பேர் பட்டாலியன் நான்கு, 36 பேர் பட்டாலியன் மூன்று. இரண்டு வரிசை என்றால் முறையே 12, 8, 6. மூன்றே பட்டாலியன் அகலத்தில் விளையாடும்போது பக்கவாட்டுத் தாக்குதலுக்கும் இருப்புப் படைக்கும் வேலையே இல்லாமல் போய்விடுகிறது; நேருக்கு நேர் நின்று பகடை உருட்டுவதோடு சரி.

36 பேர் அலகுக்கு இன்னொரு தொல்லை, திரும்புவது. 90 பாகை திரும்பும்போது வெளி முனையில் நிற்பவர் முகப்பைப்போல் 1.57 மடங்கு தூரம் நடக்க வேண்டும். 240 மி.மீ. முகப்புக்கு அது 377 மி.மீ.; 360 மி.மீ. முகப்புக்கு 565 மி.மீ. நடை தூரம் 12 அங்குலம், அதாவது 305 மி.மீ. என்றால் பெரிய அலகு கால்வட்டம் திரும்ப ஏறத்தாழ இரண்டு முழு நடை பிடிக்கும், 24 பேர் அலகுக்கு ஒன்றேகால். படத்தில் அழகாக இருக்கிற 36 பேர் பட்டாலியன் மேசையில் நகரமுடியாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான். 240 செ.மீ.க்குக் குறைந்த மேசையில் அதைப் பரிந்துரைக்க மாட்டோம். வழக்கமான மேசைக்கு 24. தரப்புக்கு எட்டுப் பட்டாலியனுக்கு மேல் வேண்டுமென்றால் 16. உழைப்புக் கணக்கும் பாருங்கள்: 12 பட்டாலியனுக்கு 24 வீதம் 288 உருவம், 16 வீதம் 192. ஓர் உருவத்துக்கு அரைமணி நேரம் என்றால் 144 மணிக்கும் 96 மணிக்கும் உள்ள தூரம்.

இந்த மட்டத்து விதிகளில் பரவலாகக் கையாளப்படுவது பிளாக் பவுடர். 1700 முதல் 1900 வரை எல்லாவற்றையும் தழுவுகிறது. வழக்கமான காலாட்படை அலகுக்குக் கைகலப்பில் 6 பகடை, சுடுவதற்கு 3 பகடை, தாக்குப்பிடிக்கும் சக்தி 3. அலகின் அளவை மிகச் சிறியது, சிறியது, வழக்கமானது, பெரியது என்று மட்டும் பிரிப்பதால் 16 பேரும் வழக்கமான அலகாகலாம், 24 பேரும் ஆகலாம். இரு தரப்பிலும் ஒரே மாதிரி இருந்தால் போதும். இந்தத் தாராளம்தான் அதன் பெரிய பலம்.

அதன் உயிர்நாடி கட்டளைப் பகடை. ஜெனரலின் தரம் 8 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பகடையில் 8 அல்லது குறைவாக விழுந்தால் நகரலாம்: 7, 8க்கு ஒரு நடை, 6க்கு இரண்டு, 5 அல்லது குறைவுக்கு மூன்று. கணக்குப் போட்டால் நூற்றுக்கு 28 முறை அலகு அசையாது, 31 முறை ஒரு நடை, 14 முறை இரண்டு, 28 முறை மூன்று நடை. மூன்று நடை என்றால் 36 அங்குலம், அதாவது ஒரே சுற்றில் மேசையின் குறுக்குப் பாதியைத் தாண்டிவிடலாம். கட்டளை தவறினால் அந்தத் தளபதிக்கு அந்தச் சுற்று முடிந்தது. நான்கு பட்டாலியனுக்குத் தனித்தனியாகக் கட்டளையிட்டால் நான்கும் நகர வாய்ப்பு 27 விழுக்காடுதான். அதனால் அவசியமான அலகுக்கு முதலில் கட்டளை கொடுப்பது, அல்லது பிரிகேடை (பல பட்டாலியன்கள் சேர்ந்த பிரிவை) நெருக்கமாக வைத்து ஒட்டுமொத்தமாக நகர்த்துவது என்பதே இந்த விதியில் தேர்ச்சி. இந்த ஏற்ற இறக்கம் சிலருக்கு உற்சாகம், சிலருக்கு எரிச்சல். பலர் சேர்ந்து மாலைப்பொழுதில் ஆடுவதற்கு இதைவிடத் தோதான விதி இல்லை. ஒவ்வொரு முடிவும் தன் கையில் இருக்க வேண்டும் என்று நினைக்கும் இருவருக்கு இது ஒத்துவராது.

அதன் தூரங்களை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சாதா மஸ்கெட் (குழாயின் உள்ளே வரிப்பள்ளம் இல்லாத பழைய துப்பாக்கி) 18 அங்குலம் எட்டும் என்கிறது. நம் 240 மி.மீ. அளவில் அது 314 மீட்டர்; நிஜத்தில் நூறு மீட்டருக்கு அப்பால் அந்தத் துப்பாக்கியால் குறிவைத்துப் பயனில்லை. பெரிய மேசையில், பெரிய அலகுகளோடு ஆடுவதற்காக வகுத்த தூரம் அது. 15 மி.மீ. உருவங்களில் ஆளுக்கு 10 மி.மீ. வீதம் 24 பேர் 120 மி.மீ. அகலம் வரும், அங்குலத்தைச் சென்டிமீட்டராக மாற்றிவிட்டால் நடை 12 செ.மீ., சரியாக ஒரு முகப்பு. மேசைக்குள் அடங்கும் களம் 2.5 கி.மீ. ஆகிறது, வாட்டர்லூவில் பாதிக்கு மேல். பட்டாலியன் மட்டத்தில் பெரிய போர் வேண்டும் என்பவர்களுக்கு இந்த ஏற்பாட்டைத்தான் முதலில் சொல்வோம். 28 மி.மீ. உருவங்களோடு சிறிய மேசையில் ஆடுபவர்கள் எல்லாத் தூரத்தையும் மூன்றில் இரண்டாகக் குறைக்கலாம்: 12 அங்குலம் 8 ஆகும், 18 அங்குலம் 12 ஆகும். நடையைக் குறைத்துவிட்டுத் துப்பாக்கித் தூரத்தைக் குறைக்காமல் விட்டால் தாக்குபவர் ஒருபோதும் எட்டமாட்டார். இரண்டையும் சேர்த்தே குறைக்க வேண்டும்.

லசால் விதிகள் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்க்கின்றன. அங்கே தூரமெல்லாம் தட்டின் அகலத்தால் அளக்கப்படும்; 40 மி.மீ. தட்டானாலும் 30 மி.மீ. தட்டானாலும் விகிதம் கெடாது. நெப்போலியன் காலத்துக்கு மட்டுமே ஆடப்போகிறவர், வரிசை, பத்தி, சதுரம் மூன்றுக்கும் உள்ள உறவைக் கூர்மையாக விரும்புகிறவர் இதை எடுக்கலாம். காலனியப் போருக்கோ 1870க்கோ கொண்டுபோக முடியாது.

பீரங்கி பற்றி ஒரு வார்த்தை. ஆறு பீரங்கி கொண்ட பேட்டரி களத்தில் பீரங்கிக்கு 15 மீட்டர் வீதம் 90 மீட்டர் பிடிக்கும்; 28 மி.மீ. ஏற்பாட்டில் 130 மி.மீ. ஒரே ஒரு பீரங்கி மாதிரியை 60 மி.மீ. தட்டில் வைத்து அதைப் பேட்டரி என்று சொன்னால், இருக்க வேண்டியதைப்போல் இரண்டு மடங்கு பேட்டரி ஒரே இடத்தில் அடைந்துகொள்ளும். பேட்டரியின் அகலம் பட்டாலியன் முகப்பில் பாதி என்று வைத்துவிட்டால் பீரங்கிச் சுவர் எழும்பாது.

பிரிகேட் ஓர் அலகாகும்போது

அமெரிக்க உள்நாட்டுப் போரில் ரெஜிமெண்ட் காகிதத்தில் 1,000 பேர், பத்துக் கம்பெனி. 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் வந்தபோது பலவற்றில் 300, 400 பேர்தான் மிச்சம். அதனால் ரெஜிமெண்டைவிட பிரிகேடை அலகாகக் கொள்வது இந்தப் போருக்கு இயல்பாகப் பொருந்துகிறது. 1990இல் வந்த ஃபயர் அண்ட் ஃப்யூரி செய்தது அதைத்தான். ஒரு தட்டு ஏறத்தாழ 200 பேர். 1,400 பேர் பிரிகேடுக்கு ஏழு தட்டு. இழப்பு நேரும்போது தட்டை எடுத்துவிட வேண்டும். நகரும் முன் ஒவ்வொரு பிரிகேடுக்கும் பத்துமுகப் பகடை ஒன்றை உருட்டிப் பார்ப்பதால், அடிபட்ட பிரிகேட் தயங்குவதும் கலைவதும் மறுபடி திரள்வதும் தாமாகவே நிகழ்கின்றன. ஒரே பகடையில் இத்தனையும் அடக்கிய நேர்த்திக்காகவே அது இன்றும் நிற்கிறது.

அளவுதான் தடை. கெட்டிஸ்பர்க்கில் இருதரப்பும் சேர்ந்து 1,60,000 பேருக்கு மேல். தட்டுக்கு 200 பேர் என்றால் 800 தட்டு, தட்டுக்கு மூன்று உருவம் என்றால் 2,400. ஒரு நாள் சண்டைக்குச் சரி. மூன்று நாளும் வேண்டுமென்றால் குழுவாகச் சேர்ந்து உழைக்க வேண்டும். ப்ளடி பிக் பேட்டில்ஸ் அதே மரபிலிருந்து கிளைத்தது. தட்டு ஒரு அங்குலச் சதுரம். போருக்குத் தக்கபடி ஒரு தட்டுக்கு ஆயிரம் பேர், அல்லது கூடுதலாக என்று மாறும். ஆயிரம் பேர் வீதம் கெட்டிஸ்பர்க் 160 தட்டில் முடிந்துவிடும். நகர்வுக்கு இரண்டு பகடை: முழுதாக நகரலாம், பாதி நகரலாம், அசையாமலும் போகலாம். 180க்கு 120 செ.மீ. மேசையில் ஒரு முழுப் போரை ஒரே அமர்வில் முடிக்கலாம் என்பது வெறும் விளம்பரம் அல்ல, நடக்கிற காரியம்தான். ஆனால் வரிசை, பத்தி, சதுரம் என்று பட்டாலியனை மாற்றிப் பார்க்கும் சுகம் இங்கே இல்லை. அது உங்கள் துணை அதிகாரிகளின் வேலை.

தட்டை எடுத்து இழப்பைக் காட்டும் முறையில் முகப்பு சுருங்கிக்கொண்டே வரும். நிஜத்திலும் படை நடுவை நோக்கி ஒடுங்கியது, அதனால் அது சரியே. கொடித் தட்டைக் கடைசிவரை எடுக்காதீர்கள். எடுத்துவிட்டால் இரண்டு சுற்றுக்குள் எது எந்தப் பிரிகேட் என்று யாருக்கும் தெரியாது.

ஒரு பிரிகேடுக்கு ஒரே தட்டு என்று இன்னும் மேலே போகிறவை வாலி அண்ட் பேயனட், ப்ளூஹர் போன்றவை. 1994இல் வந்த வாலி அண்ட் பேயனட்டில் 3 அங்குலச் சதுரத் தட்டு, ஒரு வலுப்புள்ளிக்கு 500 பேர், ஒரு அங்குலம் 100 கஜம், ஒரு சுற்று ஒரு மணி நேரம். ப்ளூஹரில் உங்களுக்கு எத்தனை நகர்வு கிடைக்கும் என்ற பகடையை எதிராளி மறைத்து உருட்டுகிறார். எப்போது கை ஓயும் என்று தெரியாமலே கட்டளையிட வேண்டும். 6 மி.மீ. உருவங்களுக்கு இந்த மட்டம் அருமை: 60 மி.மீ. தட்டில் இருபதுக்கு மேல் சிறு உருவங்களை நெருக்கி ஒட்டினால் ஒரு பிரிகேடின் திரள் கண்ணில் தெரியும்.

துப்பாக்கி மாறும்போது விதியும் மாற வேண்டும்

1815இலிருந்து 1871 வரையிலான ஐம்பத்தாறு ஆண்டுகளில் காலாட்படைத் துப்பாக்கி எட்டும் தூரம் பத்து மடங்குக்கு மேல் கூடியது. ஒரே விதிநூலை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ள நினைப்பவர் இதில்தான் சறுக்குகிறார்.

1859இல் சோல்ஃபெரினோவில் பிரெஞ்சுக்காரர்களின் கத்திமுனைத் தாக்குதலில் தோற்ற ஆஸ்திரியர்கள், அதையே தாங்களும் கைக்கொண்டார்கள். 1866 ஜூலை 3 அன்று கோனிக்கிராட்ஸில் அவர்களுடைய பத்திகள் பிரஷ்யரின் ட்ரைசே ஊசித் துப்பாக்கிக்கு முன் சரிந்தன. ஆஸ்திரியரின் லோரென்ஸ் துப்பாக்கி வாய்வழி மருந்து இடிப்பது. அதிக தூரம் எட்டும், ஆனால் மெதுவாகச் சுடும். ட்ரைசே படுத்துக்கொண்டே பின்வழி நிரப்பிப் பல மடங்கு வேகமாகச் சுடும். ஆஸ்திரியரின் பீரங்கியோ பிரஷ்யருடையதைவிட மேல். நான்காண்டு கழித்து நிலை தலைகீழ். பிரெஞ்சுக்காரரின் ஷாஸ்போ 1,200 மீட்டர் வரை குறிவைக்கக்கூடியது, ட்ரைசே ஏறத்தாழ 600. ஆனால் பிரஷ்யரின் பின்வழி நிரப்பும் எஃகுப் பீரங்கிக்கு முன் பிரெஞ்சுப் பீரங்கி நிற்கவில்லை.

ஆகவே விதியைச் சோதிக்க இரண்டு கேள்வி போதும். விதிநூலின் 1866 படைப் பட்டியலில் ஆஸ்திரியப் பீரங்கியும் பிரஷ்யத் துப்பாக்கியும் மேலோங்குகின்றனவா? 1870 பட்டியலில் பிரெஞ்சுத் துப்பாக்கியும் பிரஷ்யப் பீரங்கியும் மேலோங்குகின்றனவா? இரண்டு போருக்கும் பிரஷ்யருக்கு ஒரே எண்ணைக் கொடுக்கும் விதியைத் திருத்தாமல் ஆட வேண்டாம்.

அடுத்தது அளவுக்கு வரும் தடை, மிக முக்கியமானது. 28 மி.மீ. 24 பேர் ஏற்பாட்டில் 1,200 மீட்டர் என்பது 174 செ.மீ. அதாவது மேசையின் முழு நீளமும் ஷாஸ்போவின் வீச்சுக்குள். தூரத்தை நேர்மையாக வைத்தால் முதல் சுற்றிலேயே எல்லோரும் எல்லோரையும் சுடலாம். சுருக்கி வைத்தால் ஷாஸ்போ மஸ்கெட்டாகிவிடும். 1870க்கு பட்டாலியன் மட்டம் ஏன் சுவைப்பதில்லை என்பதற்கு விடை இதுதான். 1870 ஆகஸ்ட் 18 அன்று கிராவலாட், சான் ப்ரிவா களம் ஏறத்தாழ 12 கி.மீ. அகலம். அதை 180 செ.மீ.க்குள் அடக்கினால் 60 மி.மீ. பிரிகேட் தட்டு 400 மீட்டர் ஆகிறது. ஷாஸ்போ 18 செ.மீ. எட்டும், ட்ரைசே 9 செ.மீ. பிரஷ்யப் பீரங்கி 50 செ.மீ.க்கு மேல் எட்டும். மூன்றும் மேசையில் தனித்தனியாகத் தெரிகின்றன. அந்தக் கடைசி 9 செ.மீ.யை எப்படித் தாண்டுவது என்ற கேள்விதான் விளையாட்டே. சான் ப்ரிவாவுக்கு முன்னால் பிரஷ்ய மெய்க்காவல் கோர் அன்று ஏறத்தாழ 8,000 பேரை இழந்தது அந்த இடைவெளியில்தான். 1870க்கு பிரிகேட் மட்டம், 6 அல்லது 10 மி.மீ. உருவம் என்பதில் எங்களுக்குத் தயக்கமே இல்லை.

வண்ணம் பூசுவதற்கு முன்

எந்த முடிவானாலும் அட்டையில் ஆடிப் பார்த்துவிட்டு எடுங்கள். தடித்த அட்டையை உத்தேசத் தட்டு அளவில் வெட்டுங்கள். 24 பேர் ஏற்பாடு என்றால் 40 மி.மீ. சதுரம், எட்டுப் பட்டாலியனுக்கு 48. இரண்டு நிறம் போதும். முகப்பு விளிம்பில் பேனாவால் கோடு, ஓரத்தில் பட்டாலியன் எண். குதிரைப்படைக்கு 25க்கு 50 மி.மீ. துண்டு, பீரங்கிக்கு மேலே சொன்ன அகலம். இதை வைத்து மூன்று ஆட்டம்.

முதல் ஆட்டம் விதி கற்பதற்கு. அதை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம். இரண்டாவதில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு சுற்றுக்கு எத்தனை நிமிடம், எத்தனை சுற்றில் முடிவு தெரிந்தது. ஒரு மாலையில் ஆறு சுற்றுக்குக் குறைவாக நடந்தால் அலகு அதிகம், அல்லது அந்த விதி உங்கள் குழுவுக்குக் கனம். மூன்றாவதில் நடையை மட்டும் கவனியுங்கள்: தாக்குபவர் துப்பாக்கி வீச்சுக்குள் நுழைந்த பிறகு எதிரியைத் தொட எத்தனை சுற்று ஆகிறது? நெப்போலியன் காலத்துக்கு ஒன்று அல்லது இரண்டு. 1866க்கு மேல் இரண்டிலிருந்து மூன்று. அதற்கு மேல் போனால் மேசைக்கு அளவு பொருந்தவில்லை; தட்டைச் சிறிதாக்குவதா, தூரங்களைச் சுருக்குவதா என்பதை அட்டையிலேயே மாற்றிப் பார்த்துவிடலாம்.

எதிராளியின் படை வேறு அளவுத் தட்டில் இருந்தால் பெயர்த்து ஒட்டச் சொல்ல வேண்டியதில்லை. முகப்பின் மொத்த அகலம் பத்தில் ஒரு பங்குக்குள் ஒத்துப்போனால் எந்த விதியும் தாங்கும். உங்கள் 24 பேர் 240 மி.மீ., அவருடைய 20 பேர் 225 மி.மீ. என்றால் அப்படியே ஆடலாம். 240க்கு எதிரில் 160 வந்தால்தான் சிக்கல்: குறுகியவர் இரண்டு பட்டாலியனைக் கொண்டு உங்கள் ஒன்றின்மேல் முக்கால்வாசி பொருந்தித் தாக்குவார். அப்போது அவரை மூன்று பட்டாலியனை இரண்டாகச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.

இழப்பைக் குறிக்க மேசைமேல் பகடை வைக்கும் பழக்கம் இருந்தால் 7 மி.மீ. குட்டிப் பகடைகளைத் தட்டின் பின்விளிம்பில் ஒரு சிறு சட்டத்துக்குள் பொருத்திவிடுங்கள். உருட்டும் பகடையும் குறிக்கும் பகடையும் ஒரே அளவில் இருந்தால், பரபரப்பான சுற்றில் யாராவது ஒருவர் குறியைக் கையில் எடுத்து உருட்டிவிடுவார். அந்தப் பட்டாலியன் எத்தனை அடி வாங்கியிருந்தது என்பதில் இருவரும் ஒத்துப்போக மாட்டார்கள்.